மருந்து போட்ட கிணறு

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கொடுத்த கையேட்டை நேற்று புரட்டிப் பார்த்தேன். அழகாக அச்சடித்திருக்கிறார்கள். எந்த நோய்க்கு எவ்வளவு, எந்தப் படிவத்தை எந்தக் கிழமை அனுப்புவது என்பதெல்லாம் இருக்கிறது. நான் ஒரு பென்சிலை எடுத்து 'மருந்து' என்ற சொல் வரும் இடங்களை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு போனேன். நாலு பக்கத்துக்குள் பென்சில் மழுங்கிவிட்டது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன். ஊசியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் சேலத்துக்காரி. அஸ்தம்பட்டியில் வீடு. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஹெல்த் விசிட்டர் பயிற்சி முடித்து, அறுபதுகளின் நடுவில் பரமத்தி வேலூர்ப் பக்கம் வேலைக்குப் போனேன். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோல் பை. ஊர்களில் என்னை டீச்சரம்மா என்றார்கள். டீச்சர் இல்லை என்று முதல் மாதம் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தேன். அந்த வயதில் எனக்கு மற்றவர்களைத் திருத்துவதில் அவ்வளவு ஆசை. அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதில் அதில் பாதி ஆசை இருந்திருந்தால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியே வந்திருக்காது.

அந்த ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் உங்களில் யாராவது இருக்கக்கூடும். சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு. ஊர் நடுவே கயிறு போட்டு இறைக்கும் ஒரு சேந்து கிணறு. ஊருக்குத் தெற்கே காவிரித் தண்ணீர் வரும் வாய்க்கால். அந்த வருடம் ஆடி பிறந்து புதுத் தண்ணீர் வந்த நேரத்தில், மேற்கே இரண்டு ஊர் தள்ளிக் காலரா கண்டது. நோய் கண்ட வீட்டுத் துணிகளை அந்த ஊரார் அலசியது இதே வாய்க்காலில்தான். அந்தத் தண்ணீர் எங்கே வரும் என்று கேட்க வேண்டியதில்லை.

எங்கள் சுகாதார ஆய்வாளர் ஆற்றோர ஊர்களுக்கு ஊசி போடக் கிளம்பிவிட்டார். என்னிடம் ஒரு மூட்டை ப்ளீச்சிங் பவுடரையும் மூன்று ஊர்களையும் கொடுத்தார். கிணறுகளைச் சுத்தம் செய்து, வாய்க்கால் தண்ணீரைக் குடிக்காமல் ஜனங்களைக் கிணற்றுக்குத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான் என் வேலை.

காலையிலேயே போய்விட்டேன். தூளை வாளியில் கரைத்து, தெளிய வைத்து, தெளிந்த நீரை வேறொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலந்தேன். அடியில் தங்கிய வெள்ளைச் சகதியோடு முதல் வாளியைக் கிணற்று மேடை ஓரமாகக் கவிழ்க்காமல் வைத்துவிட்டேன். அவசரத்தில் மறந்துபோனதுதான். பிறகு அந்த மறதிக்காக ஆண்டவருக்கு எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

தலையாரி பறையோடு வந்து நின்றார்.

"என்னன்னு சொல்லட்டுங்க?"

"ஊர்க் கிணத்துல மருந்து போட்டிருக்குன்னு சொல்லுங்க."

பறையைத் தோளில் மாட்டப் போனவர் நின்றார். "அப்படியே சொல்லட்டுங்களா?"

"அப்படியே சொல்லுங்க."

சொன்னதை மாற்றாமல் செய்கிற மனிதர் அவர். தெருத் தெருவாகப் போய் அடித்துச் சொன்னார். "இதனால சகலருக்கும் தெரிவிக்கறது என்னன்னா, ஊர்க் கெணத்துல மருந்து போட்டிருக்குது, ஊர்க் கெணத்துல மருந்து போட்டிருக்குது." வேலை முடிந்தது என்று நான் பையை எடுத்துக் குடையை விரித்தேன்.

அப்போது ஒரு பெண் குடத்தோடு வந்தாள். பழனியம்மாள் என்று பெயர். இருபது வயதிருக்கும். ஆறு மாதக் குழந்தைக்குத் தாய். குழந்தை பிறந்தபோது நான்தான் எடை போட்டேன், அதனால் தெரியும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"குடிக்கலாமுங்களா, டீச்சரம்மா?"

எனக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி. நடந்துகொண்டே, "மருந்து போட்டாச்சு" என்றேன்.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். வாசனை அடங்கட்டும், பிறகு வரலாம் என்று போகிறாள் என நினைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு 'மருந்து போட்டாச்சு' என்றால் 'இனிமேல் பயமில்லை' என்று பொருள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தேன். கிணற்றடியில் கூட்டம் இல்லை, சண்டை இல்லை, கயிறு காய்ந்து தொங்கியது. ஜனங்கள் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கப் பழகிவிட்டார்கள் என்று நினைத்து எனக்குள் ஒரு பெருமை. இப்போது சொல்லும்போது முகம் கூசுகிறது. கிணற்று மேடை உலர்ந்து கிடந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை.

தலையாரி ஓடி வந்தார். "பழனியம்மாளுக்கு வெடியக் காலம் புடிச்சு வயித்தால போவுதுங்க. அரிசி களுவுன தண்ணியாட்டம். கைகாலெல்லாம் இளுக்குதுங்க."

உள்ளே போனபோது அவள் கண்கள் குழிக்குள் போயிருந்தன. கைத்தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடி நின்றது. நாடி கைக்குத் தட்டுப்படுவதும் நழுவுவதுமாக இருந்தது. இதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார்கள். பழனியம்மாளின் மாமியார் செல்லாயி பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். கொடிக்காலில் வெற்றிலை அடுக்கும் பெண்களுக்கெல்லாம் மேலாள் அவள். ஊரில் பெண்கள் அவள் சொல்லுக்குத்தான் அடங்குவார்கள்.

தாகம், தாகம் என்று பழனியம்மாள் உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்த பானையைத் திறந்தேன். கலங்கல். வாய்க்கால் தண்ணீர். யாரிடமும் பேசாமல் சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடி, சேந்திக் கொண்டு வந்து அவள் வாயருகே வைத்தேன். செல்லாயி என் கையைத் தட்டிவிட்டாள். சொம்பு உருண்டது.

"அந்தத் தண்ணிய ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

"ஏனுங்க? அது நல்ல தண்ணிங்க. நானே மருந்து போட்ட தண்ணி."

"அதத்தான் சொல்றேன். மருந்து டப்பா களுவுன தொட்டியில வாய வெச்சுத்தான் என்ற எருமை நொர தள்ளிச் செத்துது. சித்திரையில செத்துது, இன்னும் அந்த வாடை என்ற மூக்க உட்டுப் போகல. கெணத்துலயும் அதே வாடை. மருமவளுக்கும் அதையே ஊத்தறீங்களா?"

அப்போதுதான் விளங்கியது. கரும்புக்கும் வாழைக்கும் பூச்சி மருந்து அந்தப் பக்கம் வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்த ஊரில் 'மருந்து' என்று சொன்னால் முதலில் மனதில் வருவது அதுதான். நாம் கொடுப்பதற்கு அவர்கள் 'மாத்தர' என்பார்கள், 'ஊசி' என்பார்கள், 'தண்ணி மருந்து' என்று சேர்த்துச் சொல்வார்கள். வெறுமனே மருந்து என்றால் சாகடிப்பது. கிணற்றில் விஷம் போட்டிருக்கிறது என்று பறையடித்து ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். தண்ணீருக்கு அவர்களை வாய்க்காலுக்கு அனுப்பியது நோய் அல்ல, நான்.

ஆனால் அப்போது அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. தண்ணீர் வேண்டாம், இளநீர் கொடுக்கலாமா என்று செல்லாயியிடம் கேட்டேன். அதற்கு அவள் தடை சொல்லவில்லை. வாழைத்தார் ஏற்ற வந்த லாரி ஒன்று ஊர் முனையில் நின்றது. பழனியம்மாளின் புருஷன் ராசு லாரியின் முன்னால் போய்க் குறுக்கே நின்றுவிட்டான். டிரைவர் உடனே ஏற்றின தாரை இறக்கச் சொன்னார். வாழைச் சருகின் மேல் போர்வை விரித்து அவளையும் மற்ற இரண்டு வீட்டு நோயாளிகளையும் படுக்க வைத்தோம். நாமக்கல் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கை ஓயாமல் மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்று சொல்லி, ராசுவின் பக்கத்தில் இளநீர்க் காய்களையும் அரிவாளையும் வைத்தேன்.

லாரி கிளம்பும்போது செல்லாயி என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அவ பொளச்சு வந்தாப் பாக்கலாம். செத்துட்டான்னு வைங்க, அந்தக் கெணத்துக் காத்துதான் அடிச்சுதுன்னு ஊரே சொல்லும். அப்புறம் எங்க சனம் அந்தப் பக்கம் திரும்பாது. நானும் திரும்ப மாட்டேன்."

அவள் மிரட்டவில்லை, நடக்கப் போவதைச் சொன்னாள். 

அதைக் கேட்ட பயத்தில் நான் செய்த அடுத்த காரியம், நீங்கள் எல்லோரும் ஒருநாள் செய்யப் போகிற காரியம். கிணற்று மேடையில் ஏறி நின்றேன். எல்லோரும் பார்க்க ஒரு சொம்பு தண்ணீர் சேந்தி, மடமடவென்று முழுவதையும் குடித்தேன். சேலையெல்லாம் நனைந்தது. யாராவது ஒரு ஆள் முன்னால் வருவார் என்று நின்றேன். கூட்டத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சாவகாசமாகச் சொன்னாள்.

"அவங்களுக்கென்ன, வெச முறிப்பு ஊசி போட்டுட்டுத்தான வந்திருப்பாங்க."

இன்னொருத்தி, "வேதக்காரங்க மருந்து வெக்கறதுல கெட்டி" என்றாள். வேதக்காரர்கள் என்றால் என்னைப் போன்ற கிறிஸ்தவர்கள். மருந்து என்ற சொல்லுக்கு அங்கே மூன்றாவதாக ஒரு அர்த்தமும் இருக்கிறது. சாப்பாட்டில் எதையாவது வைத்து ஆளை வசியம் பண்ணுவதற்கும் மருந்து என்றுதான் பெயர். கூட்டம் கலைந்தது. நான் ஈரச் சேலையோடு மேடையிலிருந்து இறங்கினேன். நம் தைரியத்தை அவர்கள் பார்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு என் தைரியம் எதற்கு? அவர்களுக்கு வேண்டியிருந்தது, என்ன போட்டேன் என்கிற பதில்.

உச்சிவேளைக்கு ஆய்வாளர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை. நாலு நாளாகத் தூங்காதவர். கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"போலீசுக்கு ஆள் அனுப்பறேன்மா. வாய்க்கால் கரையில நிறுத்தி, குடத்தோட வர்றவங்கள விரட்டினா தன்னால கிணத்துக்கு வருவாங்க."

"வாய்க்கால் எத்தனை மைல் சார் ஓடுது? எத்தனை போலீஸ் இருக்காங்க?"

"அப்ப நீங்களே சொல்லுங்க, என்ன செய்யறது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். சாயங்காலம் வரை நேரம் கொடுங்கள் என்றேன். அதற்குள் இன்னொரு வீட்டில் ஆரம்பித்தால் போலீசைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான்.

செல்லாயி வீட்டு வாசலில், அவள் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தேன்.   அவள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, இடுப்புப் பையை அவிழ்த்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, டப்பியிலிருந்து விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்துத் தடவினாள். வெற்றிலையால் பல் கெடும் என்று இதே வாசலில் நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கெணத்தத் தூர் வாருனா அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அந்த ஊருக்கு வந்த நாளாக நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"சுண்ணாம்பு போடுவோம். கல்லுச் சுண்ணாம்ப நீத்து உள்ள உடுவோம். தண்ணி தெளிஞ்சு வரும்."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். தூள் போட்ட அன்று மறந்துவிட்டுப் போன வாளி அங்கேயே இருந்தது. அதைத் தொடக்கூடப் பயந்து ஒருவரும் நகர்த்தவில்லை. அடியில் வெள்ளையாகப் பாளம் கட்டியிருந்தது. தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"நான் கெணத்துக்குக் கரைச்சது இதுதானுங்க. என்னன்னு பாருங்க."

அவள் குழந்தையை வாளிக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள். பிறகு நகத்தால் சுரண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். ஐம்பது வருடமாக அந்த இரண்டு விரலுக்கும் அதுதான் பழக்கம். முகர்ந்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"சுண்ணாம்பு. நாத்தம் புடிச்ச சுண்ணாம்பு."

"ஆமாங்க. சுண்ணாம்புதான்."

"சுண்ணாம்பு போட்டன்னு சொல்றதுக்கென்ன? மருந்துன்னு எதுக்குச் சொன்னீங்க?"



இங்கே ஒன்று கவனியுங்கள். அப்படியே விட்டுவிட்டால் போதும் என்று ஒரு கணம் தோன்றியது. அவளே பெயர் வைத்துவிட்டாள், நான் தலையாட்டினால் முடிந்தது. ஆனால் வெறும் சுண்ணாம்பு நாற்றமடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். இன்றில்லாவிட்டாலும் நாளைக்குக் கேட்பாள். அதனால் சொன்னேன். "வெறும் சுண்ணாம்பு இல்லீங்க. ஒரு காத்து ஏத்துன சுண்ணாம்பு. அந்தக் காத்துதான் வாடை. அது தண்ணியில இருக்கற கிருமியக் கொல்லும். அளவுக்கு மேல போட்டா நமக்கும் தொண்ட எரியும், அதனால அளந்துதான் போடோணும். இந்தக் காலரா வந்தது வாய்க்கால்ல, கெணத்துல இல்லீங்க."

"எருமை செத்தது?"

"அது வேற சாமானுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரெண்டுக்கும் ஒரே பேரச் சொன்னது என்ற தப்பு."

'என்னுடைய' என்பதற்கு 'என்ற' என்று அந்த ஊர்ப் பேச்சு என் வாயில் வந்ததை அவள் கவனித்தாள் போல. சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது.

"சரி. ஆனா மருந்துன்னு பேரு வாங்குன தண்ணிய எங்க சனம் குடிக்காது. அத எறச்சு உட்டுப்போடோணும். அப்புறம் எங்க கையால நாங்க போடறோம். நீங்க பக்கத்துல நின்னு அளவு மட்டும் சொல்லுங்க."

ஆய்வாளரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் ஆளுங்க சாகறாங்க, நீங்க நல்ல தண்ணியைக் கொட்டச் சொல்றீங்களா? இதுக்கு எந்த விதியில இடம் இருக்கு?"

எந்த விதியிலும் இல்லை. இறைத்து முடிக்கும்வரை ஊருக்குக் குடிதண்ணீர் வேறு வேண்டும். ஒரு அரை நாள் தவறினால் இன்னும் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. என் மனதில் ஓடியது ஒன்றுதான். அந்த நல்ல தண்ணீரைக் காப்பாற்றி யாரும் குடிக்காமல் வைத்திருப்பதும் கொட்டுவதும் ஒன்றே. என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "எழுதத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, மனிதர் சட்டையைக் கழற்றிக் கயிற்றைப் பிடித்தார்.

இடைப்பட்ட நேரத்துக்கு வழி சொன்னதும் செல்லாயிதான். வெல்லம் காய்ச்சும் கொப்பரை ஒன்றில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, கரும்புச் சக்கையை எரித்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு, வீட்டுக்கு ஒரு குடம் அளந்து கொடுத்தார்கள். தண்ணீரில் லேசாக வெல்ல வாசனை. பிள்ளைகள் இன்னும் வேண்டும் என்று கேட்டன. கொதித்த தண்ணீர் குடியுங்கள் என்று ஒரு வருடமாக நான் வீடு வீடாகச் சொல்லி நடக்காதது அன்றைக்கு ஒரு மத்தியானத்தில் நடந்தது.

கிணறு சுலபமாக வற்றவில்லை. ஆடி மாதத்து ஊற்று, இறைக்க இறைக்கச் சுரந்தது. கைகள் கொப்பளித்தன. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறை யாராவது தெருவில் ஓடும்போதும் அடுத்த வீட்டில் ஆரம்பித்துவிட்டதோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் கிணற்றுக்குள் வழக்கமாகத் தண்ணீருக்கடியில் இருக்கும் கல் வரிசை ஒன்று வெளியே தெரிந்தது. "அது போதும்" என்றாள் செல்லாயி. அவள் போதும் என்றால் ஊருக்குப் போதும்.

தூளை அவளே கரைத்தாள். அவளுடைய வெற்றிலை அடுக்கும் பெண்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். நான் அளவை மட்டும் சொன்னேன். தலையாரி பறையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இப்ப என்னன்னு சொல்லட்டுங்க?"

"அவங்ககிட்டக் கேளுங்க."

செல்லாயி சொன்னாள். "கெணத்துக்குச் சுண்ணாம்பு போட்டாச்சு, பொளுது உளுந்தாக் குடிக்கலாம்னு சொல்லு."

அதில் 'குடிக்கலாம்' என்று ஒரு சொல் இருந்தது. என் அறிவிப்பில் அது இல்லவே இல்லை.

பொழுது விழுந்ததும் முதல் குடம் அவளுடையது. அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர். மற்றவர்கள் குடத்தை வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார்கள். நாமக்கல்லிலிருந்து சேதி வரட்டும் என்று நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த இரண்டு நாளும் சேதி இல்லை. அந்த இரண்டு நாளும் நான் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. கொப்பரை எரிந்துகொண்டே இருந்தது. செபமாலையைச் சேலைத் தலைப்புக்குள் உருட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பிழைக்க வேண்டும் என்று கேட்டேனா, என் தப்பு பெரிதாகிவிடக் கூடாது என்று கேட்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ராசு வந்து இறங்கினான். "கஞ்சி நிக்குதுங்க" என்றான். வயிற்றில் கஞ்சி தங்குகிறது என்றால் பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம். கிணற்றடியில் கயிறு அன்று மாலை முழுக்கக் காயவே இல்லை. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் பிழைத்தார்கள். புதிதாக ஒருவருக்கும் வரவில்லை.

ஆய்வாளர் அறிக்கை எழுதினார். நல்ல தண்ணீரைக் கொட்டியதையும் எழுதினார், அது பலன் தந்ததையும் எழுதினார். நேர்மையான மனிதர். அதில் ஒன்று மட்டும் இல்லை, ஏனென்றால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. பழனியம்மாள் முதல் நாளே என்னிடம் வந்து கேட்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஜனங்களை மாற்றுவது கஷ்டம் என்று உங்களுக்கு ஒரு பாடமே இருக்கிறது. இருக்கட்டும். அவள் மாறுவதற்குத் தயாராகக் குடத்தோடுதான் வந்து நின்றாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நடந்து போனது நான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு தூள் போடும் நாள். செல்லாயியும் பெண்களும் கரைத்து இறக்கினார்கள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் விலகியது. பழனியம்மாள் வந்தாள். மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது. இடுப்பில் சின்னக் குடம், பெரிய குடம் தூக்கத் தெம்பில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், எல்லோரும் கேட்கும்படி என்னைக் கேட்டாள்.

"குடிக்கலாமுங்களா, டீச்சரம்மா?"

"பொளுது உளுந்தாக் குடிக்கலாம் சாமி" என்றேன்.  மறுபடியும் சொன்னேன். "குடிக்கலாம்."

அவள் குடத்தை மேடையில் வைத்துவிட்டுக் காத்திருக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டாள். நான் உட்கார்ந்த பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அன்னிக்கும் இதையேதானுங்க கேட்டேன்."